பேட்டரிக்கு நலமா, தெம்பா? கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

தண்டையார்பேட்டையிலிருந்து, பயிற்சியாளர்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மையத்தின் பேட்டரி அறைக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. துணைமின் நிலையம், ரயில்வே சிக்னல் அறை, செல்போன் கோபுரம் என்று நேர்மின்சாரத்தை (டி.சி.) நம்பி ஓடும் இடங்களுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கானது. பழகித் தேய்ந்த பேட்டரி இன்னும் எவ்வளவு தாங்கும் என்பதைக் குறிக்கும் 'ஸ்டேட் ஆஃப் ஹெல்த்' என்ற ஒன்றுக்குத்தான் தமிழ்ச் சொல் பாக்கி. 'நலநிலை' என்று எழுதி வைத்திருந்தேன். நேற்று வகுப்பில் அது கைகொடுக்கவில்லை.

பயிற்சிக் கூடத்தில் 24 செல் கொண்ட 48 வோல்ட் பேட்டரி இருக்கிறது. சார்ஜர் ஓடிக்கொண்டிருந்தது, மீட்டர் 54 காட்டியது. ஒரு பையன் பதிவேட்டில் 'நலநிலை: நன்று' என்று எழுதிவிட்டான். அந்த 54 சார்ஜர் பிடித்து வைத்திருக்கும் கணக்கு. ஒரு செல் சோர்ந்தால் மற்ற 23-ம் கொஞ்சம் கூடுதலாக ஏறிக் கூட்டுத்தொகையைச் சரிக்கட்டிவிடும். சார்ஜரை நிறுத்தி லோடு கொடுத்தேன், அதாவது பேட்டரியிலிருந்தே மின்சாரத்தை இழுக்க வைத்தேன். மற்றவை 2 வோல்ட்டை ஒட்டி நிற்க, ஒன்பதாவது செல் மட்டும் 1.9, 1.8, 1.6 என்று கண்ணெதிரே இறங்கியது. பின்வரிசையில் ஒரு மாணவி, "சார், அதுக்குத் தெம்பு இல்ல சார்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சொல்லையே வைக்கலாமா?

ராயபுரத்திலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, மாணவிக்கு என் வாழ்த்து. ஆனால் தெலுங்கிலும் 'தெம்பு' உண்டு, அங்கே துணிச்சல் என்று பொருள். அங்கிருந்து வந்த சொல் என்பதே என் எண்ணம். நம்மிடம் உறுதியைக் குறிக்கும் 'திண்' என்ற வேர் இருக்கிறது. திண்மை, திண்ணம், திட்பம். வினைத்திட்பம் என்று குறளில் ஓர் அதிகாரமே உண்டு. சுமை வந்தபோது நிலைகுலையாமல் நிற்பதுதானே நீங்கள் சொல்வது? 'மின்கலத் திட்பம்' என்று வையுங்கள்.

இன்னொன்று. கையேட்டில் 'கண்காணிப்பு' என்று போட்டிருக்கிறீர்கள். காவல் நிலைய வாடை அடிக்கிறது. 'நோட்டம்' நல்ல சொல். காசு நல்லதா கள்ளதா என்று பார்ப்பதற்கு அதுதான் பெயர். கன்னடத்தில் 'நோடு' என்றால் இன்றும் 'பார்'. சங்கப் புலவர் பெயர்களில் வரும் 'வண்ணக்கன்' என்பதும் நாணயம் நோட்டம் பார்த்தவர்தான். ஒவ்வொரு செல்லையும் தட்டிப் பார்த்துத் தரம் சொல்பவனை மின்கல வண்ணக்கன் எனலாம்.

எண்ணூரிலிருந்து, துணைமின் நிலையப் பொறியாளர்:

ஐயா, எங்கள் பக்கம் 'நோட்டம் விடுகிறான்' என்றால் திருட வந்தவன் என்று அர்த்தம். இரவுப் பணியில் பதிவேட்டில் அதை எழுத எனக்கு மனம் வராது.

தெம்பை நான் ஆதரிக்கிறேன், காரணம் சொல்கிறேன். எங்களுக்கு இரண்டு சொல் வேண்டும். எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது ஒன்று, எவ்வளவு தாங்கும் என்பது மற்றொன்று. பழைய செல் நூறு சதவீதம் ஏறியிருக்கும், ஆனால் அதன் கொள்திறனே பாதியாகச் சுருங்கியிருக்கும். குடம் நிறைந்துதான் இருக்கிறது, குடமே சிறுத்துவிட்டது. கொள்திறன் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றிவிட வேண்டும் என்பது நடைமுறை. 'நலம்' என்றால் இந்த இரண்டும் குழம்பிவிடும். ஏற்றத்துக்கு 'இருப்பு', தாங்குவதற்குத் 'தெம்பு'. இருப்பு இருக்கு, தெம்பு இல்லை. போனில் ஒரு வரியில் சொன்னால் எதிர்முனையில் இருப்பவருக்குப் புரியும்.

வெப்பத்துக்கும் ஒரு பத்தி சேருங்கள், அண்ணா. 25 டிகிரிக்கு மேலே ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரிக்கும் லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் பாதியாகிறது. பேட்டரி அறையில் மின்விசிறி பழுதானால் நம் ஊர் மே மாதத்தில் என்ன ஆகும் என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

பெரம்பூரிலிருந்து, ரயில் பெட்டி மின்பிரிவில் வேலை பார்த்தவர்:

பெட்டிக்கு அடியில் 110 வோல்ட் பேட்டரியோடு முழங்காலில் நின்றே என் பணிக்காலம் போனது. உள்தடை, அதாவது செல்லுக்குள்ளேயே மின்னோட்டத்துக்கு இருக்கும் தடை, அதைப் பார்க்கும் கருவி ஒன்று உண்டு. சின்ன மாறுமின்சாரத்தை (ஏ.சி.) உள்ளே அனுப்பி, செல் எப்படிப் பதில் கொடுக்கிறது என்று பார்க்கும். வைத்தியர் மணிக்கட்டில் மூன்று விரல் வைப்பது போலத்தான் எனக்குத் தோன்றும். அதற்கு 'நாடி பார்த்தல்' என்று பெயர் வையுங்கள். 'நோய்நாடி நோய்முதல் நாடி' என்று வள்ளுவரே சொல்லிவிட்டார்.

ராயபுரத்திலிருந்து:

ஐயா, அந்த நாடி வேறு, இந்த நாடி வேறு. குறளில் வருவது 'நாடு' என்ற வினை, ஆராய்ந்து என்று பொருள். மணிக்கட்டு நாடி வடமொழி வழி வந்த பெயர்ச்சொல். இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் மாணவர் இரண்டையும் தவறாகக் கற்பார்.

எண்ணூரிலிருந்து:

கற்கட்டும் ஐயா, செல்லைச் சரியாகப் பார்த்தால் போதும்.

ராயபுரத்திலிருந்து:

போதாது அம்மா. இன்று தெம்பு, நாளை 'வீக்கு' என்று எழுதுவார்கள். பேட்டரி அறைக்குள் போகிற பிள்ளைக்குத் திட்பம் புரியாது என்று நாமே முடிவு கட்டுவதுதான் எனக்கு வலிக்கிறது.

தண்டையார்பேட்டையிலிருந்து:

ஐயா சொன்ன கடைசி வரியை இரவு முழுக்க யோசித்தேன். காலையில் வகுப்பில் இரண்டு சொல்லையும் பலகையில் எழுதி, விளக்கம் சொல்லாமல், எது எதைக் குறிக்கும் என்று கேட்டேன். தெம்பைப் பிள்ளைகள் உடனே பிடித்தார்கள். திட்பத்தை 'திட்டம்' என்று படித்தவர்கள் நான்கு பேர். ஆகவே கையேட்டின் உள்ளே 'இருப்பு', 'தெம்பு'. கருவிச் சோதனைக்கு 'உள்தடைச் சோதனை' என்றே விட்டுவிட்டேன், நாடி எனக்கும் பிடித்திருந்தும். கண்காணிப்பை மாற்ற நேரமில்லை. சொற்பட்டியலில் தெம்புக்கு எதிரே 'திட்பம்' என்றும் அச்சாகும்.

ராயபுரத்திலிருந்து:

பட்டியலில் முதலில் திட்பம் வரட்டும் தம்பி. அகர வரிசைப்படியும் 'தி' தானே முன்னால்.