வீட்டு க்ரீம் மறுநாளே தண்ணீர் விடுகிறது: தேன்மெழுகு மட்டும் போதாதா?

கயல்_திருச்சி: தேங்காய் எண்ணெய் 30 கிராம், தேன்மெழுகு 8 கிராம் இரண்டையும் டபுள் பாய்லரில் உருக்கி, பன்னீரும் தொட்டியில் வளர்க்கும் சோற்றுக்கற்றாழையின் ஜெல்லும் சேர்த்து 60 கிராம் ஊற்றி அடிக்கிறேன். அடிக்கும்போது வெண்ணெய் மாதிரி திரண்டு வருகிறது. மறுநாள் டப்பாவின் ஓரமெல்லாம் தண்ணீர் கோத்து நிற்கிறது, மெழுகு குருணை குருணையாகத் தெரிகிறது. கெடாமல் இருக்க வைட்டமின் ஈ கேப்ஸ்யூலும் போடுகிறேன். எங்கே தப்பு?

நிலா_சோப்பு: எமல்சிஃபையர் இல்லை, அதுதான் காரணம். தேன்மெழுகு எண்ணெயைக் கெட்டியாக்கும், அவ்வளவுதான். ஒரு முனையால் தண்ணீரையும் மறுமுனையால் எண்ணெயையும் பற்றிக்கொள்ளும் பொருள் ஒன்று வேண்டும். எமல்சிஃபையிங் வேக்ஸ் வாங்குங்கள். எண்ணெயும் மெழுகும் சேர்ந்த எடையில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நாலில் ஒரு பங்கு வரை போடலாம்.

வேம்பு_அக்கா: எதற்கெடுத்தாலும் பாக்கெட் சரக்குதானா? 2ஆம் நூற்றாண்டில் கேலன் என்ற கிரேக்க மருத்துவர் தேன்மெழுகு, ஆலிவ் எண்ணெய், ரோஜா நீர் வைத்தே க்ரீம் செய்தார். கயல், உங்கள் சிக்கல் சூட்டில் இருக்கிறது. தேன்மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும். அதில் ஃப்ரிட்ஜில் இருந்த ஜெல்லை ஊற்றினால் மெழுகு அங்கேயே உறைந்து கரண்டியில் நூல் நூலாக ஒட்டும். நீங்கள் பார்த்த குருணை அதுதான். இரண்டு பக்கமும் 70 டிகிரிக்கு வரட்டும். கலந்த பிறகு வெதுவெதுப்பாகும் வரை கையை எடுக்காதீர்கள்.

நிலா_சோப்பு: குருணைக்கு அக்கா சொன்ன காரணம் முழுக்கச் சரி. தண்ணீர் பிரிவதற்கு அது பதில் இல்லை. கேலனின் க்ரீமும் பிரியக்கூடியதுதான். தோலில் தடவியதும் நீர் வெளியே வந்து ஆவியாகும், அந்தக் குளிர்ச்சியால்தான் கோல்ட் க்ரீம் என்ற பெயரே வந்தது. பிற்காலத்தில் அதை நிலையாக வைக்க வெண்காரம் (போராக்ஸ்) சேர்த்தார்கள்.

செந்தில்_ஃபார்மசி: வெண்காரம் தேன்மெழுகிலுள்ள கொழுப்பு அமிலங்களோடு சேர்ந்து சோப்பாக மாறும். அந்தச் சோப்புதான் எமல்சிஃபையர். ஆக, பழைய முறையிலும் அது இல்லாமல் நடக்கவில்லை. ஆனால் இன்று யாரும் வெண்காரம் வாங்கக் கிளம்ப வேண்டாம். இனப்பெருக்கத்துக்குக் கேடு செய்யும் பொருள்களில் அதையும் ஐரோப்பிய ஒன்றியம் சேர்த்திருக்கிறது. அப்புறம் கற்றாழையில் அமிலமும் உப்புகளும் உண்டு. சோப்பால் நிற்கும் க்ரீமில் எலுமிச்சையோ கற்றாழையோ போனால் அந்தப் பிடியே விட்டுப்போகலாம்.

வேம்பு_அக்கா: சரி, லெசித்தின் இருக்கிறதே? சோயாவிலிருந்து வருவது.

செந்தில்_ஃபார்மசி: நல்ல பொருள்தான், ஆனால் பிடிமானம் குறைவு. கயலின் அளவில் தண்ணீர்தான் பெரும்பங்கு. லெசித்தினை மட்டும் நம்பி அதை நிறுத்துவது கஷ்டம். கூட்டிப் போட்டால் தோலில் பிசுபிசுக்கும்.

கயல்_திருச்சி: இப்போதுள்ள டப்பாவைத் திரும்பச் சூடாக்கி அடித்தால் தேறுமா?

நிலா_சோப்பு: வேண்டாம், கொட்டிவிடுங்கள். பச்சைக் கற்றாழையும் பன்னீரும் இருக்கின்றன, கிருமி வளராமல் தடுக்கும் பிரிசர்வேட்டிவ் கிடையாது. வைட்டமின் ஈ எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதைத் தள்ளிப்போடும், கிருமியைத் தடுக்காது. கண்ணுக்குப் பூஞ்சை தெரிவதற்கு முன்பே உள்ளே பெருகியிருக்கும்.

வேம்பு_அக்கா: பிரிசர்வேட்டிவ் போடுவதென்றால் வீட்டில் எதற்குச் செய்ய வேண்டும்? ரசாயனம் வேண்டாமென்றுதானே அடுப்படிக்கே வந்தோம்.

நிலா_சோப்பு: வெடித்த குதிகாலிலும் குழந்தையின் கன்னத்திலும் தடவுகிற பொருள் அக்கா. உள்ளே என்ன போகிறது என்று தெரிந்து, அளந்து போடுவதற்காகத்தான் நான் வீட்டில் செய்கிறேன். ஃபினாக்ஸிஎத்தனால் என்ற பிரிசர்வேட்டிவ் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பாவில் வரம்பே இருக்கிறது. அதற்குப் பயந்து கிருமியைத் தடவச் சொல்ல எனக்கு மனம் வராது.

வேம்பு_அக்கா: அப்படியென்றால் தண்ணீரே வேண்டாம். எண்ணெயும் மெழுகும் மட்டும் போட்டுப் பாம், அதாவது களிம்பு, செய்யுங்கள். கற்றாழையை அப்போதைக்கப்போது வெட்டித் தடவிவிட்டு மேலே பாம் பூசுங்கள். பிரியவும் செய்யாது, பிரிசர்வேட்டிவும் தேவையில்லை. ஈரக் கை மட்டும் டப்பாவுக்குள் போகக் கூடாது.

நிலா_சோப்பு: இதில் எனக்கு மறுப்பே இல்லை. குதிகாலுக்கும் உதட்டுக்கும் பாம்தான் நல்லது. முகத்துக்கு இந்த வெயிலில் பிசுக்கென்று இருக்கும் என்பதால்தான் க்ரீம் கேட்கிறார்கள்.

கயல்_திருச்சி: ஆமாம் அக்கா, முகத்துக்குத்தான்.

செந்தில்_ஃபார்மசி: அப்படியானால் 100 கிராமுக்கு: எண்ணெய் 18, எமல்சிஃபையிங் வேக்ஸ் 5, தேன்மெழுகு 2, பிரிசர்வேட்டிவ் 1, மீதி பன்னீர். கற்றாழை முதல் முறை வேண்டாம். இரண்டு பாத்திரமும் 70 டிகிரி தொட்டதும் கலந்து, ஹேண்ட் பிளெண்டரின் தலை மேலே வராமல் விட்டுவிட்டு அடியுங்கள். வெளியே வந்தால் காற்று புகுந்து நுரைக்கும். 40 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் பிரிசர்வேட்டிவ். பிறகு ஒரு சின்ன டப்பாவில் கொஞ்சம் எடுத்து ஒரு நாள் ஃப்ரிட்ஜில், ஒரு நாள் வெளியே என்று மாற்றி மாற்றி வையுங்கள். மேலே கெட்டியாகத் திரண்டு, கலக்கினால் சேர்ந்துகொண்டால் தண்ணீரைக் கெட்டியாக்கும் சாந்தன் கம் பொடி 0.3 கிராம் போதும். எண்ணெய் மஞ்சளாகக் கண் கண்ணாக மிதந்தால் எமல்சிஃபையரைக் கூட்ட வேண்டும்.