டேனரி டிரம் கன்ட்ரோல் சாஃப்ட்வேருக்கு பேட்டன்ட் கிடைக்குமா?

சிப்காட்வாசி:
ராணிப்பேட்டைல ஒரு டேனரிக்கு (தோல் பதனிடற ஆலை), தோல சுத்தவிட்டு பதப்படுத்தற டிரம்ம கன்ட்ரோல் பண்ற சாஃப்ட்வேர் எழுதியிருக்கேன். தோல பதமாக்கற குரோம் உப்ப ஏத்தினப்புறம் சோடா விடறப்ப பி.எச். (அமிலம்-காரம் அளவு) சட்டுனு ஏறிட்டா குரோம் உள்ள இறங்காம மேலாப்ல படிஞ்சிடும், அதனால மேஸ்திரி தோல வெட்டி வெட்டுவாய்ல இன்டிகேட்டர் சொட்டு விட்டு கலர் பாத்துதான் அடுத்த டோஸ் விடுவாரு. இப்ப சென்சார் ரீடிங் பாத்து சாஃப்ட்வேரே பம்ப் வேகத்த மாத்துது. பழைய பேட்ச் ரீடிங் எல்லாம் ஒரு டேபிளா சேவ் ஆகியிருக்கு. ரெண்டுக்கும் பேட்டன்ட் போடலாமா? இந்தியாவுல சாஃப்ட்வேருக்கு பேட்டன்டே கிடையாதுன்னு ஒருத்தர் அடிச்சு சொல்றாரு.

காட்பாடி ஜங்ஷன்:
அவரு சொல்றது பாதிதான் தம்பி. 1970 பேட்டன்ட் சட்டம் 3(கே) பிரிவுல வெறும் புரோகிராம், அல்காரிதம், பிசினஸ் மெத்தட் இதுக்கெல்லாம் கிடையாது. பேட்டன்ட் ஆபீஸோட 2016 கைட்லைன்ல புது ஹார்டுவேர் வேணும்னு இருந்துச்சு, 2017ல தூக்கிட்டாங்க, நிறைய பேர் இன்னும் பழசையே சொல்லிட்டு திரியறாங்க. 2019ல ஃபெரித் அல்லானி கேஸ்ல டெல்லி ஹைகோர்ட், டெக்னிக்கல் எஃபெக்ட், அதாவது தொழில்நுட்ப ரீதியா ஏதாவது பலன், இருக்கான்னு பாருங்கன்னு சொல்லிடுச்சு. உன் கேஸ்ல பம்ப் ஓடுது, தோல் ஒழுங்கா பதமாகுது, அத வச்சு எழுது. அமெரிக்காவுல 1981 டயமண்ட் எதிர் டீர் (Diehr) கேஸ் கிட்டத்தட்ட இதே கத, ரப்பர் வேகற நேரத்த கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு அச்ச திறக்கும், சுப்ரீம் கோர்ட்டு ஓகே சொல்லிச்சு.

பாலாறு பாய்:
டேபிள மட்டும் தனியா க்ளெய்ம் (இதுக்கு உரிமை வேணும்னு விண்ணப்பத்துல கேக்கறது) பண்ணாதீங்க. 1994ல லௌரி கேஸ்ல மெமரில இருக்கற டேட்டா ஸ்ட்ரக்சருக்கு அமெரிக்காவுல கொடுத்தாங்கதான், ஆனா அது மெஷின் எப்படி டேட்டாவ தேடி எடுக்குதுங்கறத பத்தினது, உங்களுது வெறும் ரீடிங். இங்க 3(என்)ல தகவல காட்றதுக்கும் கிடையாது. டேபிள பாத்து பம்ப் எப்படி மாறுதோ அத மெத்தட் க்ளெய்ம்ல (செய்முறைக்கு கேக்கற உரிமை) சேத்துடுங்க. புரோகிராம் கோடுக்கு காப்பிரைட் தானா இருக்கு.

சிப்காட்வாசி:
நன்றிண்ணா. ஆம்பூர்ல ஒரு ஓனர் டெமோ கேக்கறாரு, காட்டலாமா?

காட்பாடி ஜங்ஷன்:
அய்யோ இப்ப வேணாம்பா, வெளிய தெரிஞ்சிட்டா புதுமை போச்சுன்னு தள்ளிடுவாங்க. மொதல்ல புரொவிஷனல் (தற்காலிக விண்ணப்பம்) போட்டுடு, தனி ஆளுக்கு ஆன்லைன்ல 1600 ரூபாதான், முழு ஸ்பெசிஃபிகேஷன் குடுக்க 12 மாசம் டைம். நமக்கு சென்னை கிண்டில இருக்கற பேட்டன்ட் ஆபீஸ்தான். பி.எச். எவ்ளோ ஏறினா பம்ப் எவ்ளோ குறையணும்ங்கறத அதுலயே எழுதிடு, பின்னாடி புதுசா சேத்தா அதுக்கு புரொவிஷனல் போட்ட தேதி கிடைக்காது.