பாக்கெட்டைச் சிப் பார்க்கிறதா, சிபியூ பார்க்கிறதா? மாட்டிக்கொண்ட கதைகளைச் சொல்லுங்கள்

அம்மாப்பேட்டைக்காரன்:
சேலத்தில் கேபிள் டிவியிலிருந்து இன்டர்நெட்டுக்கு வந்த ஓர் ஆபரேட்டரிடம் நெட்வொர்க் பார்க்கிறேன். ஏறக்குறைய 2,000 இணைப்பு, எல்லாமே பிபிபிஓஇ (பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து உள்ளே வரும் இணைப்பு முறை). அத்தனையும் வந்து சேர்வது ஒரு பழைய சர்வரில்: எட்டு கோர் (சிபியூவுக்குள் இருக்கும் தனித்தனிச் செயலி), லினக்ஸ், நொடிக்கு 10 கிகாபிட் நெட்வொர்க் கார்டு.

போன வருஷம் தினமும் இரவு எட்டு மணியானால் வேகம் படுத்துவிடும். முதலாளி, “தம்பி, போன் நிக்கவே மாட்டேங்குது. பெரிய பெட்டியா ஒண்ணு வாங்கிரலாமா?” என்றார். பெரிய பெட்டி என்றால் பாக்கெட்டை, அதாவது இணையத் தரவு பயணிக்கும் சின்னப் பொட்டலத்தை, தள்ளுவதற்கென்றே தனிச் சிப் வைத்த ரவுட்டர். எங்கள் சர்வரில் அந்த வேலையையும் பொதுவான சிபியூதான் பார்க்கிறது. அந்த விலைக்குச் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசாக வாங்கி அடுக்கிவிடலாம். எனக்கோ மனசு ஒப்பவில்லை. சிபியூ மொத்தமே 14 சதவீதம்தான் காட்டியது. சும்மா இருக்கிற மெஷினை ஏன் மாற்ற வேண்டும்?

ஒரு நாள் ராத்திரி சிபியூ சுமையைக் காட்டும் டாப் கட்டளையைப் போட்டுவிட்டு, 1 என்ற எண்ணை அழுத்தினேன். கோர் கோராகப் பிரித்துக் காட்டியது. ஏழு கோர் தூங்குகிறது, முதல் கோர் மட்டும் 100. எட்டில் ஒன்று என்பதால் மொத்தக் கணக்கில் அது தெரியவே இல்லை.

காரணம் கார்டில் இருந்தது. வரும் பாக்கெட்டுகளை ஐபி முகவரி, போர்ட் பார்த்துப் பல கோருக்குப் பங்கு போடும் ஆர்எஸ்எஸ் வசதி அதில் உண்டு. ஆனால் வாடிக்கையாளர் பக்கமிருந்து வரும் பாக்கெட்டில் ஈதர்நெட் தலைப்புக்கும் (பாக்கெட்டின் முன்னால் ஒட்டியிருக்கும் முகவரி விவரம்) ஐபி தலைப்புக்கும் நடுவே பிபிபிஓஇ தலைப்பு உட்கார்ந்திருக்கும். எங்கள் கார்டு அதைத் தாண்டிப் படிக்காது. புரியாததையெல்லாம் முதல் வரிசையிலேயே போட்டுவிடும், அதைப் பார்ப்பது முதல் கோர். ‘வந்து சேர்ந்தது’ என்று சொல்ல மேலே போகும் குட்டி ஏசிகே பாக்கெட்டுகள் அங்கே நெரிசலில் நின்றால் கீழே வரும் டவுன்லோடும் சேர்ந்து நொண்டும்.

தீர்வு ஒரே வரி. ஆர்பிஎஸ் என்று லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே மென்பொருள் பங்கீடு இருக்கிறது, 2010 முதல். கெர்னலுக்குப் பிபிபிஓஇ படிக்கத் தெரியும். அந்த முதல் வரிசையான rx-0-க்கு, எந்தெந்தக் கோர் என்று குறிக்கும் எண்ணாக ‘எஃப்இ’ என்று எழுதினேன், முதல் கோரைத் தவிர மற்ற ஏழுக்கும் வேலை பிரிந்தது. அன்றைக்கு ஒன்பது மணிக்கு முதலாளியே போன் செய்து, “லைன் எதுவும் கட் ஆயிருச்சா? ஒருத்தனும் கூப்பிடலையே” என்றார்.

இதை வைத்து ஹார்ட்வேர் தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. 10 கிகாபிட் லைன் முழுக்க 64 பைட் பாக்கெட்டாக வந்தால் நொடிக்கு 1.48 கோடிக்கும் மேல். ஒரு பாக்கெட்டுக்குக் கிடைப்பது 67 நானோ நொடி, 3 கிகாஹெர்ட்ஸ் கோரில் சிபியூ கடிகாரத்தின் சுமார் 200 சுற்று. ஒரு தடவை மெமரிவரை போய் வந்தாலே அது தீர்ந்துவிடும். அந்த வேகத்தில் சிப்பைக் கும்பிடத்தான் வேண்டும். உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

ஏற்காட்டு மூடுபனி:
எனக்கு நடந்தது நேர் எதிர். மலைமேல் ஒரு தங்கும் விடுதிக்கு நான்தான் நெட்வொர்க் பார்ப்பது. மே மாதம், கோடை விழாக் கூட்டம், எல்லா அறையும் நிரம்பிவிட்டது. அறைக்கு 10 எம்பிபிஎஸ் என்று கட்டுப்பாடு போட்டிருந்தேன். ஆனாலும் ஓர் அறையில் யாரோ கேம் இறக்க, மற்ற அறையெல்லாம் வரவேற்பறைக்கு வந்து நின்றது. எனக்குப் போன் வந்தபோது அடிவாரத்தில் இருந்தேன். மழையில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்ப் பார்த்தால், எனக்கு முன்னால் வேலை பார்த்தவர் எப்போதோ வந்து “ஸ்பீடு கூடும்” என்று ரவுட்டரில் ஹார்ட்வேர் ஃப்ளோ ஆஃப்லோடை இயக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

அதை இயக்கினால் ஓர் இணைப்பின் முதல் சில பாக்கெட்டுகளைத்தான் கெர்னல் பார்க்கும். மீதி சிப் வழியாகவே ஓடிவிடும். என் கட்டுப்பாடு இருப்பதோ கெர்னலில். வாசலில் காவல்காரனை நிறுத்திவிட்டுப் பின்கதவைத் திறந்து வைத்த மாதிரி.

அணைத்தேன். சிபியூ 60, 70 என்று ஏறியது, ஏறட்டும். வருகிற லைனே 100 எம்பிபிஎஸ். அதற்கு எதற்கு ஐயா சிப்?

கல்லூரி லேப்:
நான் சின்ன ஆள், சின்ன கதை. லேபில் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் ஓட்டினால் எங்கள் மெஷினிலிருந்து போகும் பாக்கெட் எல்லாவற்றிலும் செக்சம் (தரவு கெட்டிருக்கிறதா என்று சரிபார்க்கும் எண்) தப்பு என்று வந்தது. இரண்டு நாள் கேபிள் மாற்றினேன், கார்டு மாற்றினேன். மூன்றாம் நாள் லேப் அண்ணன் வந்து சிரித்தார். செக்சம் போடுவது கார்டின் வேலை, டிசிபிடம்ப் பார்ப்பது கார்டுக்குப் போவதற்கு முன்னால். தப்பாகத்தான் இருக்கும்.

ஃபேர்லேண்ட்ஸ்:
கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு ஜவுளி ஆலையில் நடந்தது. சுவிட்சில் ஏசிஎல் (எந்தப் பாக்கெட்டை விடலாம், எதைத் தடுக்கலாம் என்ற விதிப் பட்டியல்) எழுதும்போது, யார் வருகிறார்கள் என்று தெரியட்டுமே என்று ‘லாக்’ என்ற சொல்லைக் கடைசியில் சேர்த்தேன். பத்து நிமிஷத்தில் சுவிட்சுக்குள் நுழையவே முடியவில்லை, சிபியூ 99. லாக் எழுதுவது சிப்புக்குத் தெரியாத வேலை, அந்த வரியில் சிக்கும் பாக்கெட்டை எல்லாம் சிபியூவிடம் தூக்கிக் கொடுத்துவிடும். சுவிட்சில் இருக்கும் சிபியூ கணக்குப்பிள்ளை மாதிரி, மூட்டை தூக்க வைத்தது அல்ல. விளக்கத் தாளில் ‘முழு வேகம்’ என்று போட்டிருப்பது சிப்புக்குத் தெரிந்த வேலைக்கு மட்டும்.

உலக அளவிலேயே இந்தக் கூத்து நடந்திருக்கிறது. 2014 ஆகஸ்ட் 12 அன்று இணையத்தின் மொத்தப் பாதைப் பட்டியல் சுமார் 5.12 லட்சத்தைத் தாண்டியது. பழைய ரவுட்டர்கள் சிலவற்றில் பாதைகளை வைக்கும் டிகேம் என்ற மெமரியில் அவ்வளவுதான் இடம். மீதியைச் சிபியூ சுமக்க வேண்டி வந்து பல இடங்களில் இணையம் தள்ளாடியது. சாஃப்ட்வேர் ரவுட்டரில் கொஞ்சம் ராம் போட்டால் முடிந்திருக்கும். அம்மாப்பேட்டை நண்பரே, உங்கள் முதலாளியிடம் பெட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்களா?

அம்மாப்பேட்டைக்காரன்:
வேண்டாம் என்று சொல்லவில்லை, 5,000 இணைப்பு வரட்டும் என்றேன். அதை விடுங்கள். உங்கள் பதிவைப் படித்ததும் எங்கள் சுவிட்சைத் திறந்து பார்த்தேன். இரண்டு வரியில் ‘லாக்’ இருக்கிறது, எழுதியது நான்தான். ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் எடுக்கிறேன்.