மாற்றலாகிப் போன போதகர் என் மகளின் திருமணத்தை நடத்தலாமா?

கேள்வி: பிரிக்பீல்ட்ஸ் அம்மா

நாங்கள் கோலாலம்பூரில் ஒரு தமிழ் மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவர்கள். என் கணவர் இறந்த இரவில், நனைந்த சட்டையோடு மருத்துவமனைப் பிணவறை வாசலில் எங்களுக்கு முன்பே வந்து நின்றவர் எங்கள் முந்தைய போதகர். சென்ற ஆண்டு அவருக்குப் பினாங்கிற்கு மாற்றல் ஆகிவிட்டது. டிசம்பரில் நடக்கும் திருமணத்தை அவரே நடத்த வேண்டும் என்று மகள் பிடிவாதமாக இருக்கிறாள். அவரைக் கேட்டால், "இப்போதைய போதகர் அழைத்தால் வருகிறேன், அக்கா" என்கிறார். எனக்கு வருத்தம்தான். புதியவரிடம் போய் நீங்கள் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

பதில்: ஓய்வுபெற்ற சபைச் செயலாளர், செந்தூல்

ஸ்தோத்திரம், சகோதரி. அவர் உங்களைத் தட்டிக்கழிக்கவில்லை. நம்முடைய போதகர்கள் சபையார் தேடிப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆட்கள் அல்லர், நியமித்து அனுப்பப்படுபவர்கள். ஒரே இடத்தில் ஓராண்டு முழுவதும் பிரசங்கித்தால் தானும் தூங்கி, சபையாரில் பெரும்பாலோரையும் தூங்க வைத்துவிடுவேன் என்று மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1756-இல் ஒரு கடிதத்தில் எழுதியதை மறந்துவிட வேண்டாம்.

ஓர் அடக்க ஆராதனையில், சொல்லாமல் கொள்ளாமல் வந்த பழைய போதகர் பெட்டியருகே நின்று ஜெபத்தைத் தொடங்கிவிட, புதியவர் வேதாகமத்தை மூடி வைத்துக்கொண்டு வாசலில் கிடந்த செருப்புகளுக்கு நடுவே நின்றதை நான் பார்த்தேன். அதன் பிறகு நோய், சாவு எதையும் அந்தப் புதியவரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று அந்தச் சபையில் பலருக்குத் தோன்றவே இல்லை.

சட்டத்தையும் கவனியுங்கள். 1976-ஆம் ஆண்டுத் திருமணம், மணவிலக்குச் சட்டத்தின்படி, ஆலயத்திலேயே பதிவுத் திருமணமும் நடக்க வேண்டுமானால், துணைப் பதிவாளராக அரசு நியமித்த குருவே அதை நடத்த வேண்டும்.

பதில்: கத்தோலிக்க நண்பர்

எங்களிடம் இது மரியாதையோடு நிற்பதில்லை. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1108-ஆம் பிரிவின்படி, ஆயரோ பங்குத்தந்தையோ அதிகாரம் வழங்காமல் வெளியிலிருந்து வரும் குரு நடத்தும் திருமணம், பொதுவாகச் செல்லாததாகவே ஆகிவிடும். பழகிய சாமியாராக இருந்தாலும் இதுதான் நிலை.

பதில்: பெந்தெகொஸ்தே சகோதரர், கிள்ளான்

எங்கள் சபையைத் தொடங்கியவரே இன்றும் பாஸ்டர். மாற்றல் என்ற பேச்சே கிடையாது. அவரோடு மனத்தாங்கல் வந்தால் சபையை விட்டுப் போவதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை என்பதால், உங்கள் ஏற்பாட்டில் எனக்குச் சிறிது பொறாமைகூட உண்டு.

மீண்டும் பிரிக்பீல்ட்ஸ் அம்மா

மகளையும் அழைத்துக்கொண்டு புதிய போதகரிடம் போய்ப் பேசினேன். ஓலை வாசிப்பதையும் (சபையில் திருமண அறிவிப்பு) மணமக்களின் உடன்படிக்கையையும் தாம் பார்த்துக்கொள்வதாகவும், பிரசங்கத்திற்குப் பினாங்குப் போதகரைத் தாமே அழைப்பதாகவும் அவர் சொன்னார். பிறகு என் கணவரின் பெயரைக் கேட்டு நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். அவர் வந்த இத்தனை மாதங்களில் ஒரு வீட்டு ஜெபத்திற்குக்கூட நாங்கள் அவரைக் கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வருகிற வெள்ளிக்கிழமை வீட்டிற்கு வருகிறார்.