கண்மாய்க்கரைக் கொள்ளிவாயும் வில்லி பெப்பும்: நம் அனுபவங்கள்

தல்லாகுளம் பயிற்சியாளர்

1986-ஆம் ஆண்டு மதுரைப் புதுமண்டபத்தில் பழைய புத்தகக் கடை ஒன்றில், தூணோரம் சணல் கயிற்றால் கட்டிக் கிடந்த ஆங்கில இதழ்களுக்கு நடுவே, அட்டை கிழிந்த குத்துச்சண்டை இதழ் ஒன்று எனக்குக் கிடைத்தது. இரண்டு ரூபாய் கொடுத்து வாங்கினேன். அப்போது நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டு, 57 கிலோ பிரிவில், அதாவது ஃபெதர்வெயிட் என்னும் இறகு எடைப் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தேன். அந்நாளில் எங்களுக்குச் சொல்லித்தரப்பட்டதெல்லாம் முன்னேறிப் போ, அடி, அடிபட்டாலும் நின்ற இடத்தைவிட்டு நகராதே என்பதுதான். பின்னால் ஓரடி வைத்தவனைப் பயந்தாங்கொள்ளி என்று மைதானமே சொல்லும்.

அந்த இதழில் வில்லி பெப் என்னும் அமெரிக்கக் குத்துச்சண்டை வீரரைப் பற்றி நான்கு பக்கங்கள் இருந்தன. அவருக்கு அமெரிக்கர்கள் சூட்டிய பட்டப்பெயர் புரியாமல் அகராதியைப் புரட்டினேன். ‘கொள்ளிவாய்ப் பிசாசு’ என்று பொருள் போட்டிருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. வண்டியூர்க் கண்மாய்க்கரையில் இரவில் தெரியும் வெளிச்சத்தைப் பற்றி எங்கள் அப்பத்தா சொன்ன கதைகளில் வருவது அதுதானே! பிடிக்கப் போனால் விலகும், விட்டுத் திரும்பினால் பின்னாலேயே வரும், கைக்கு மட்டும் ஒருநாளும் அகப்படாது. 126 பவுண்டுக்குள், அதாவது நம் கணக்கில் 57 கிலோவைச் சற்றே தாண்டும் எடைக்குள், ஐந்தரை அடி உயரமே இருந்த ஒரு மனிதரை ஏன் அப்படி அழைத்தார்கள் என்று அன்றிரவே முழுவதும் படித்து முடித்தேன்.

கனெக்டிகட் மாநிலத்தின் மிடில்டவுனில் 1922-இல் இத்தாலியக் குடும்பத்தில் பிறந்து, ஹார்ட்ஃபோர்டில் வளர்ந்தவர் அவர். 1940-இல் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார். 1942 நவம்பர் 20 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் சாக்கி ரைட்டை 15 சுற்றுகள் ஆடி வென்று உலகப் பட்டத்தைப் பெற்றபோது வயது இருபதுதான். தொடர்ச்சியாக 62 வெற்றிகளுக்குப் பிறகே முதல் தோல்வியைக் கண்டார். அதுவும் 1943-இல், அடுத்த எடைப் பிரிவின் முன்னாள் சாம்பியனான சாமி அங்காட்டிடம். அதன் பிறகு 1948 அக்டோபர் வரை அவரை யாரும் வெல்லவில்லை. இத்தனையையும் அவர் சாதித்தது அடியின் பலத்தால் அன்று, அடிக்கு அகப்படாத கால்களால் என்று படித்த நாளிலிருந்து என் ஆட்டமும், பின்னாளில் என் பயிற்சியும் மாறின. உங்களில் பலரும் அவரை வெவ்வேறு வழியில் சந்தித்திருப்பீர்கள். அவரவர் அனுபவத்தை இங்கே பகிர வேண்டுகிறேன்.

மேலூர்ச் சிலம்பாசிரியர்

ஐயா, நான் குத்துச்சண்டைக்காரன் அல்லன். என் மாணவன் ஒருவன்தான் 1949 பிப்ரவரியில் பெப்பும் சாண்டி சாட்லரும் மோதிய இரண்டாம் ஆட்டத்தின் படச்சுருளைத் தன் கைப்பேசியில் காட்டினான். முந்தைய அக்டோபரில் நடந்த முதல் ஆட்டத்தில் சாட்லர் அவரை நான்காம் சுற்றிலேயே வீழ்த்திப் பட்டத்தைப் பறித்திருந்தார். சாட்லர் சுமார் மூன்று அங்குலம் உயரம் கூடியவர். கையும் நீளம், அடியும் இடி. அப்படி வீழ்த்தியவரிடமே நான்கு மாதத்துக்குள் திரும்பிப் போய்ப் பதினைந்து சுற்றுகள் நின்று பட்டத்தை மீட்டிருக்கிறார் மனிதர்.

நான் அவர் கைகளைப் பார்க்கவேயில்லை. எங்கள் வித்தையில் கம்பைக் கையில் கொடுப்பதற்கு முன்பு மாதக்கணக்கில் காலடிதான் சொல்லித்தருவோம். வீடு கட்டி ஆடத் தெரியாதவன் கம்பைத் தொடக்கூடாது என்பது என் ஆசான் வகுத்த விதி. பெப்பின் கால்களில் அதே ஒழுங்கைக் கண்டேன். ஒரு கால் மற்றொன்றைக் குறுக்கே தாண்டுவதில்லை. நேராகப் பின்வாங்குவதும் அரிது. எதிராளி பாயும்போது பக்கவாட்டில் அரைவட்டமாக நழுவி, அவர் தோளையோ முழங்கையையோ தொட்டுத் திருப்பிவிட்டு, அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் இரண்டு ஜாப், அதாவது முன்கையால் விடும் நேர்க்குத்து, வைத்துவிட்டு வேறிடத்தில் நிற்கிறார். கயிற்றோரம் ஒதுக்கப்பட்டவர் மறுகணம் நடுவில் நிற்பார். ஒதுக்கியவர் கயிற்றில் சாய்ந்திருப்பார். இருந்தும் முகமெல்லாம் கிழிந்து, பல தையல்கள் போடும்படிதான் வென்றார் என்பதையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்கிறேன்.

1946-இல் ஜாக்கி கிரேவ்ஸ் என்பவருடன் ஆடியபோது ஒரு குத்துகூட விடாமல் ஒரு சுற்றை வென்றார் என்றொரு கதையைப் பலரும் எழுதுகிறார்கள். அந்நாளின் செய்தித்தாள் வருணனைகள் அந்தச் சுற்றில் அவர் நன்றாகவே அடித்ததாகக் கூறுகின்றன. ஆட்டமும் எட்டாம் சுற்றில் நாக் அவுட்டில்தான் முடிந்தது. ஆகவே அதை நான் வகுப்பில் சொல்வதில்லை. இருப்பதே போதுமான பெருமையாக இருக்கையில் இட்டுக்கட்டியதைச் சொல்வானேன்? 1951-இல் சாட்லருடன் நடந்த நான்காம் ஆட்டத்தையும் நான் காட்டுவதில்லை. இருவரும் கட்டிப் புரண்டு, விதிகளை மீறி ஆடிய ஆட்டம் அது; நியூயார்க் மாநில விளையாட்டு ஆணையம் இருவர்மீதும் நடவடிக்கை எடுத்தது.

செல்லூரைச் சேர்ந்த ஒரு தாய்

வணக்கம். என் மகள் 57 கிலோ பிரிவில் ஆடுபவள். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாநிலப் போட்டியில், இரண்டாம் சுற்றின் இறுதியில் அவளுடைய இடது தோள்மூட்டு நழுவிவிட்டது. அதுவரை அவள்தான் புள்ளிகளில் முன்னணியில் இருந்தாள். மூலைக்கு வந்து ஸ்டூலில் அமர்ந்தவளுக்குக் கையைத் தூக்கவே முடியவில்லை; பயிற்சியாளர் நடுவரிடம் சொல்லி ஆட்டத்தை நிறுத்திவிட்டார். நான் அரங்கின் மேல்படியில் அமர்ந்து அந்த முடிவுக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன். ஆனால் கீழே இறங்கி வருகையில், போட்டியை நடத்தியவர்களில் ஒருவர், “ஜெயிக்கிற ஆட்டத்தை விட்டுட்டு உக்காந்துட்டாளே, பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவுதான் தெம்பு” என்று அவள் காதுபடவே சொன்னார். தோள்வலியைவிட அந்தச் சொல்தான் அவளை வாட்டியது. இரண்டு மாதம் கையுறைப் பையை அவள் திறக்கவேயில்லை.

தல்லாகுளம் ஐயாதான் அப்போது வீட்டுக்கு வந்து இந்த வில்லி பெப்பின் கதையைச் சொன்னார். 1950 செப்டம்பரில் யாங்கி ஸ்டேடியத்தில் சாட்லருடன் நடந்த மூன்றாம் ஆட்டத்தில், நடுவர்களின் புள்ளிக் கணக்கில் பெப்தான் முன்னணியில் இருந்தார். ஏழாம் சுற்று முடிந்து அமர்ந்தவர் எட்டாம் சுற்றுக்கு எழவில்லை. காரணம் அதே தோள்மூட்டு. உலகப் பட்டமே கைவிட்டுப் போன ஆட்டம் அது. “இருநூறு ஆட்டத்துக்கு மேல் வென்றவர் உட்கார்ந்திருக்கிறார், நீ உட்கார்ந்தால் என்னம்மா?” என்று அவர் கேட்டபோது, என் மகள் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அன்று மாலையே பிசியோதெரபிக்கு நேரம் கேட்டு என்னைத் தொலைபேசியில் பேசச் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் நானும் அந்த மனிதரைப் பற்றித் தேடிப் படித்தேன். தோள்மூட்டைவிடப் பெரிய விபத்தும் அவர் வாழ்வில் இருந்தது. 1947 ஜனவரியில் அவர் பயணம் செய்த விமானம் நியூஜெர்சியில் விழுந்து நொறுங்கியது, சிலர் இறந்தார்கள். பெப்புக்குக் கால் முறிந்து, முதுகெலும்பிலும் அடி. இனி ஆட முடியாது என்று பேசப்பட்டவர் அதே ஆண்டு ஜூனில் மீண்டும் ஆடி வென்றார். இதைப் படித்து மகிழ்ந்தேன் என்று சொல்ல மாட்டேன். எந்தத் தாயும் ஐந்தே மாதத்தில் தன் பிள்ளையை அப்படித் திருப்பி அனுப்பத் துணிய மாட்டாள். என் மகளுக்கு நாங்கள் ஒன்பது மாதம் எடுத்துக்கொண்டோம். மருத்துவர் கையெழுத்துப் போட்ட பிறகே அவள் பயிற்சிக்குப் போனாள். இப்போது அவள் இடது கையை முன்பைவிடச் சற்றுத் தாழ்த்திப் பிடிக்கிறாள். அதற்கு ஈடாகக் கால்களை அதிகம் நம்புகிறாள்.

திருமங்கலம் கபடி நடுவர்

என் அனுபவம் சிறியது. பெப் ஓய்வுக்குப் பின் நடுவராகவும் பணிபுரிந்தார். 1969 ஜூலையில் சிட்னியில் ஜானி ஃபேமேச்சனும் ஃபைட்டிங் ஹராடாவும் இதே ஃபெதர்வெயிட் பட்டத்துக்காக ஆடியபோது, முதலில் ஆட்டம் சமன் என்று அறிவித்துவிட்டார். புள்ளி அட்டையைத் திரும்பக் கூட்டிப் பார்த்தபோது ஃபேமேச்சன் வென்றிருந்தது தெரிந்து, தீர்ப்பு திருத்தப்பட்டது. ஒரு பொங்கல் போட்டியில் நானும் புள்ளியைத் தவறாகக் கூட்டி, ஊரார் முன்னிலையில் திருத்திச் சொல்ல நேர்ந்தது. அன்றிரவு தூக்கம் வராமல் கிடந்தபோது இந்தச் செய்தி என் கண்ணில் பட்டது. இப்போதெல்லாம் அட்டையை இரண்டு முறை கூட்டி, உதவி நடுவரிடமும் காட்டிய பிறகே விசிலை எடுக்கிறேன்.

ரயில்வே காலனிவாசி

எல்லோரும் அவர் அகப்படாததைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். அகப்பட்டதைப் பற்றியும் ஒருவர் எழுத வேண்டும். என் அண்ணன் எழுபதுகளில் பணியிடப் போட்டிகளில் ஆடியவர். நெஞ்சை நிமிர்த்தி நேராக நின்று வாங்கி, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் ஆட்டம் அவருடையது, ஊரே கைதட்டியது. அறுபத்திரண்டு வயதில் வீட்டுக்கு வரும் வழியை மறந்து, பெரியார் பேருந்து நிலையத்தில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். தலையில் வாங்கிய அடிகளும் காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார்.

அப்போதுதான் பெப்பின் இறுதி ஆண்டுகளைப் பற்றிப் படித்தேன். 229 வெற்றி, 11 தோல்வி, ஒரு சமன் என 241 ஆட்டங்கள். 1959-இல் ஓய்வு பெற்றவர் 1965-இல், நாற்பதைத் தாண்டிய வயதில், திரும்பி வந்து 1966 வரை ஆடினார். 1990-இல் சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழ்மண்டபம் தன் முதல் தொகுதியிலேயே அவரைச் சேர்த்துக்கொண்டது. பிறகு அவரையும் மறதி நோய் பிடித்தது. 2006 நவம்பரில், 84 வயதில், ஒரு பராமரிப்பு இல்லத்தில் இறந்தார். உலகத்திலேயே குறைவாக அடிவாங்கத் தெரிந்தவர் என்று பெயரெடுத்தவருக்கே அந்த நிலை என்றால், வாங்குவதையே வீரமென்று பழக்கப்பட்ட என் அண்ணனைப் போன்றவர்களின் கணக்கை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்?

பயிற்சியாளர் ஐயா, தங்கள் மைதானத்துச் சிறுவர்கள் ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை, ஆடும்போது தலையில் அடிக்க அனுமதிக்கிறீர்களா என்று அறிய விரும்புகிறேன். குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை.

தல்லாகுளம் பயிற்சியாளர்

கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சென்ற ஆண்டுவரை அனுமதித்தேன், இப்போது இல்லை. தோளையும் வயிற்றையும் உள்ளங்கையால் தொடுவது, தொடவிடாமல் நகர்வது, இவ்விரண்டு மட்டுமே அவர்களுக்கு ஆட்டம். பெற்றோரில் சிலர் இது குத்துச்சண்டையே இல்லை என்று பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். நான் முறையை மாற்றுவதாக இல்லை.

மேலூர் ஆசிரியர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வந்து எங்கள் பிள்ளைகளுக்குக் காலடி சொல்லித்தந்தால் நன்றியுடையவனாக இருப்பேன். செல்லூர் அம்மா மகளையும் அழைத்து வாருங்கள். சிறுமிகள் அவளுடைய கால்களைப் பார்க்க வேண்டும். ரயில்வே காலனி ஐயா, உங்கள் அண்ணனால் முடியுமானால் அவரையும் கூட்டி வாருங்கள். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு வைக்கிறேன்; வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவோம்.