சொட்டு உள்ளே இறங்கவில்லை

குழு: நம் வீடு

புதன்

வித்யா, காலை 9:40
அண்ணி, நேரம் கிடைக்கும்போது பாருங்கள். இன்றுதான் பாப்பாவுக்கு முதல் முறையாகத் துணி டயப்பர் போட்டேன். அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. தொடைப் பக்கமாக ஒழுகி என் மடியெல்லாம் ஈரம். இரண்டாவதும் அப்படியே. ஒன்பது வாங்கி வைத்திருக்கிறேன், எல்லாம் வீண்தானா?

தினேஷ், 9:41
மூன்றாவதும் போச்சு அக்கா. இப்போதுதான் மாற்றினேன்.

ராஜம், 9:43
ஏன் கண்ணு கவலைப்படுகிறாய்? பழைய பருத்தித் துணியை முக்கோணமாக மடித்துக் கட்டு. உன் வீட்டுக்காரன் தினேஷும் நாத்தனார் கவிதாவும் அதில்தான் வளர்ந்தார்கள்.

கவிதா, 9:44
வித்யா, நீ வாங்கியது உள்ளே துணி செருகுகிற பாக்கெட் வகைதானே? செருகுகிற அந்த இன்சர்ட் என்ன துணி? போடுவதற்கு முன் எத்தனை முறை துவைத்தாய்?

வித்யா, 9:45
பாக்கெட்தான் அண்ணி. இன்சர்ட் பருத்தி. ஒரு முறை துவைத்தேன். மெத்தென்று இருக்கட்டும் என்று சாஃப்ட்னரும் விட்டேன்.

கவிதா, 9:46
சரி, ஒரு வேலை செய். காய்ந்த இன்சர்ட் ஒன்றை விரித்து, அதன்மேல் அரை ஸ்பூன் தண்ணீர் விடு. என்ன ஆகிறது என்று சொல்.

வித்யா, 9:51
[வீடியோ]
தண்ணீர் உள்ளே இறங்கவே இல்லை! தாமரை இலைமேல் நிற்பதுபோல் உருண்டு நிற்கிறது. துணியைக் கொஞ்சம் சாய்த்ததும் ஓரமாக ஓடிவிட்டது.

கவிதா, 9:55
பாப்பா போன மூத்திரமும் அப்படித்தான் ஓடியிருக்கிறது. புதுப் பருத்தியில் இயற்கையாகவே கொஞ்சம் மெழுகும் எண்ணெய்ப் பசையும் இருக்கும். அது நீங்க நாலைந்து முறை துவைக்க வேண்டும். மூங்கில், சணல் வகை இழை என்றால் இன்னும் ஓரிரு முறை. சாஃப்ட்னர் அதன்மேல் இன்னொரு படலம் பூசிவிடும், மெத்தென்று இருப்பதே அந்தப் படலத்தால்தான். இனிமேல் அதைத் தொடாதே. இன்சர்ட்டுகளை மட்டும் தனியாகப் பிரித்து, வெந்நீரில் வெறும் டிடர்ஜெண்ட் போட்டுத் துவை. ஒவ்வொரு முறையும் ஒரு சொட்டு விட்டுப் பார். உடனே இறங்கினால் தயார் என்று அர்த்தம். துணிமேல் தப்பில்லை, உன்மேலும் தப்பில்லை.

தினேஷ், 9:57
அதுவரை என்ன செய்வது?

ராஜம், 9:58
அதைத்தானே முதலிலேயே சொன்னேன். வித்யா, நான் அலமாரியில் மடித்து வைத்த வெள்ளைத் துணி இருக்கிறது பார், அதில் ஒரு சொட்டு விடு.

வித்யா, 10:02
அத்தை!! விட்டதுதான் தெரியும், சொட்டைக் காணோம். உள்ளே போய்விட்டது.

கவிதா, 10:04
எத்தனை வருஷம் துவைத்த துணி அது! அம்மா, நீ சொன்னதுதான் இன்றைக்கு வழி. வித்யா, அந்தத் துணியை நீளவாக்கில் நாலைந்து மடிப்பாக மடித்துப் பாக்கெட்டுக்குள் செருகு. வெளி உறை ஈரத்தை வெளியே விடாது, அத்தை துணி குடித்துக்கொள்ளும்.

போடும்போது கால் எலாஸ்டிக்கைத் தொடைமேல் விடாதே. ஜட்டி ஓரம் எங்கே வருமோ, அந்தத் தொடை இடுக்கு மடிப்பில் உட்கார வேண்டும். முன்பக்கத்து உயரப் பட்டன்களைப் பாப்பாவின் அளவுக்குச் சின்னதாகப் போடு, ஐந்து வாரக் குழந்தைக்கு எல்லாவற்றிலும் கீழ் வரிசைதான் வரும். இடுப்பில் இரண்டு விரல் நுழையும் அளவு இடம் போதும். கடைசியாக விரலை ஓரமாகச் சுற்றி விட்டுப் பார். துணி நுனி ஒரு இழை வெளியே எட்டிப் பார்த்தாலும் அது வழியே ஈரம் உடுப்புக்கு ஏறிவிடும். எனக்கு இதைக் கண்டுபிடிக்கவே இரண்டு வாரம் ஆனது.

வித்யா, 10:06
ஒன்பது போதுமா அண்ணி?

கவிதா, 10:09
முழு நாளுக்கும் போதாது. இந்த வயதில் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை மாற்ற வேண்டியிருக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் துவைப்பது என்றால் இருபது இருபத்து நாலு வேண்டும். ஆனால் இப்போது வாங்காதே. பகலில் மட்டும் இதைப் போடு, இரவுக்குக் கடை டயப்பரே இருக்கட்டும், அதில் ஒரு தவறும் இல்லை. எது உன் குழந்தைக்குப் பொருந்துகிறது என்று தெரிந்த பிறகு மிச்சத்தை வாங்கலாம்.

தினேஷ், 10:11
துவைப்பது என் பொறுப்பு. வாளித் தண்ணீரில் ஊற வைக்கட்டுமா?

கவிதா, 10:15
வேண்டாம்டா. ஊறினால் எலாஸ்டிக் தளர்ந்துவிடும், நாற்றமும் அதிகம். பாப்பா தவழ ஆரம்பித்துவிட்டால் வாளித் தண்ணீர் ஆபத்து வேறு. காற்றுப் போகிற கூடையில் உலர்வாகப் போட்டு வை, இரண்டு நாளுக்கு மேல் வைக்காதே. முதலில் பச்சைத் தண்ணீரில் ஒரு அலசு, பிறகு டிடர்ஜெண்டோடு முழுத் துவையல். வெளி உறைக்கு எவ்வளவு சூடு ஆகும் என்று லேபிளில் போட்டிருக்கும், அதற்கு மேல் போகாதே, கொதிக்க மட்டும் வைத்துவிடாதே. தாய்ப்பால் மட்டும் குடிக்கிறவரை கக்கா தண்ணீரில் கரைந்துவிடும், அப்படியே மெஷினில் போடலாம். திட உணவு ஆரம்பித்த பிறகு முதலில் கழிப்பறையில் தட்டிவிட்டுத்தான் துவைக்க வேண்டும்.

மஞ்சள் கறைக்கு இன்சர்ட்டை ஈரத்தோடு வெயிலில் போடு, நாளடைவில் வெளுத்துவிடும். உறையை நிழலில், எலாஸ்டிக் இழுபடாமல் நடுவில் மடித்துக் கொடியில் போடு.

ராஜம், 10:17
எவ்வளவு நல்ல துணியானாலும் ஈரத்தோடு விடாதே கண்ணு. இரண்டு மணிக்கொருமுறை மாற்று. கக்கா போனால் உடனே.

கவிதா, 10:19
ஆமாம். சிவப்பு வந்து கிரீம் தடவினால், துணிக்கும் தோலுக்கும் நடுவே லைனர் என்கிற மெல்லிய விரிப்பு ஒன்றை வை, இல்லாவிட்டால் கிரீமும் துணியில் படலமாக ஏறும். இரண்டு மூன்று நாளில் சிவப்பு குறையாவிட்டாலோ, இடுக்கில் சின்னச் சின்னப் புள்ளியாகப் பரவினாலோ டாக்டரிடம் காட்டிவிடு.

வித்யா, பகல் 12:20
அண்ணி, அத்தை துணி வைத்து இரண்டு மணி நேரம் ஆகிறது. உடுப்பு காய்ந்தே இருக்கிறது!! தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

ராஜம், 12:21
❤️❤️

சனி

தினேஷ், காலை 8:05
[வீடியோ]
ஐந்தாவது துவையல். சொட்டு விட்டதும் இறங்கிவிட்டது. ஒன்பதும் அப்படித்தான், ஒவ்வொன்றாகச் சோதித்தேன்.

வித்யா, 8:07
அப்போ அத்தை துணியைத் திருப்பி அலமாரியில் வைத்துவிடட்டுமா?

ராஜம், 8:08
எதற்கு? பாக்கெட்டுக்குள் இன்சர்ட்டோடு அதையும் சேர்த்து வை. மத்தியானம் நீண்ட தூக்கம் தூங்குகிறாளே, அதற்கு ஆகும்.

வித்யா, 8:09
சரி அத்தை, இப்போதே மடித்து வைக்கிறேன். எழுந்துவிட்டாள், பிறகு வருகிறேன்.