ஹோமியோபதியில் ‘வீரியம்’: மாற்றாக ‘ஐதாக்கப் படியெண்’

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

திருகோணமலையில் பெண்களுக்கான ஒரு சிறு நலக் கையேட்டை எழுதிக்கொண்டிருக்கிறோம். மாதவிடாய் வலி, அதிக இரத்தப்போக்கு, வெள்ளைபடுதல், நீர்க்கட்டி, கருப்பைக் கட்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். ஹோமியோபதிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். உப்புவெளியிலும் மூதூரிலும் நாங்கள் பேசிய பெண்கள் பலர் முதலில் தேடிப்போவது அந்தச் சீனி உருண்டைகளைத்தான். கிளினிக்கில் உடம்பைக் காட்டக் கூச்சம். இங்கே பரிசோதனை இல்லை, ஊசி இல்லை, உட்கார்ந்து பொறுமையாகக் கதை கேட்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குப்பியில் ‘செபியா 30’, ‘செபியா 200’ என்று போட்டிருக்கும் எண்ணைத் தமிழில் ‘வீரியம்’ என்கிறோம். இரத்தப்போக்கு நிற்காத ஓர் அக்கா சொன்னார்: “30இல் நிற்கவில்லை எண்டு 200 தந்தவை. இப்ப 1000. இதைவிடக் கூடின மருந்து பெரியாஸ்பத்திரியிலும் இல்லைத்தானே?” முகம் வெளிறி, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிற நிலையில் இருந்தார். வீரியம் 1000 என்றால் யாரும் அப்படித்தான் எண்ணுவார்கள்.

உண்மையில் அந்த எண் சொல்வது வேறு. மூலப்பொருளில் ஒரு பங்கை 99 பங்கு சாராயத்தோடு கலந்து குலுக்குவது முதற்படி. அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடி 99 பங்கோடு கலப்பது இரண்டாம் படி. 30 என்றால் இதை 30 தடவை செய்தது: 1க்குப் பின்னால் 60 பூச்சியம் போட்ட பங்கில் ஒரு பங்கு. செபியா என்பது வேறொன்றுமில்லை, நம் கரையில் வலையில் ஏறுகிற கணவாயின் இனத்து மைதான். ஒரு துளி மையை உலகத்துக் கடல்கள் அத்தனையிலும் கலந்தாலும் 13ஆம் படியின் அளவுக்கு ஐதாகாது, அதாவது செறிவு குறையாது. ஒரு மோல் பொருளில் எத்தனை மூலக்கூறு என்று சொல்லும் அவகாதரோ எண்ணோடு ஒப்பிட்டால் 12ஆம் படியைத் தாண்டியதும் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறாவது மிஞ்சும் என்று எதிர்பார்க்க இடமில்லை. ஆக, எண் கூடக்கூடப் பொருள் குறைகிறது. ‘வீரியம்’ இதைத் தலைகீழாகச் சொல்கிறது.

‘வீரியம்’ என்பதற்கு மாற்றுச் சொல் கேட்டிருந்தேன்; போன வாரம் நீங்கள் தந்த பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

மதுரை நண்பர் ‘நீர்ப்புப்படி’ என்றார். இரண்டு தடைகள். கரையாத பொருள்களை முதற்படிகளில் பாற்சீனியோடு சேர்த்து அரைத்துத்தான் குறைக்கிறார்கள். நீர் அங்கே இல்லவே இல்லை. அடுத்தது, ‘நீர்த்துப்போனது’ என்றால் பேச்சில் மதிப்பிழந்தது என்று பொருள். கலைச்சொல்லுக்குள் ஏளனம் ஒளிந்திருக்கக் கூடாது.

கணித ஆசிரியர் ஐயா தந்த ‘ஐதாக்கச் சுட்டி’ துல்லியமானது. 30 அங்கே உண்மையாகவே ஒரு சுட்டிதான், அதாவது 100இன் அடுக்கு. ஆனால் சுட்டிகளும் மடக்கைகளும் பள்ளிக்கூடத்தோடு போய்விட்டன. கையேட்டை வாசிப்பவருக்கு அது கணினிச் சுட்டியாகத்தான் தோன்றும்.

என் பரிந்துரை ‘ஐதாக்கப் படியெண்’. இலங்கைப் பாடநூல்களில் ‘ஐதான அமிலம்’ படித்தவர்களுக்கு ஐதாக்கல் புதிதல்ல. தமிழகத்தவருக்குப் புதிதாகத் தெரியலாம். ஆனால் ‘ஐது’ மெல்லியது, நுண்ணியது என்ற பொருளில் பழைய தமிழில் உள்ளதுதான். சாராயத்துக்கும் பொருந்தும், பாற்சீனிக்கும் பொருந்தும். வெறும் ‘படி’ போதாதா என்று கேட்டிருந்தீர்கள். ‘30 படி’ என்று எழுதினால் அரிசி அளக்கிற படி நினைவுக்கு வருகிறது. அதனால்தான் ‘எண்’ தேவை.

ஒரு சொல்லாக்கம் அந்தத் துறையினரின் கருத்தை மதிக்க வேண்டும், குலுக்கக் குலுக்க ஆற்றல் கூடுகிறது என்பதே ஹோமியோபதியைத் தோற்றுவித்த ஹானிமனின் கொள்கை என்ற மறுப்பு வந்தது. சரி, அந்தக் கொள்கையை விளக்குமிடத்தில் ‘வீரியம் கூடுவதாகக் கருதுகிறார்கள்’ என்று எழுதலாம். இலங்கையில் 1970 முதலே ஹோமியோபதிக்குச் சட்டம் உண்டு; முறைப்படி பதிவு செய்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் குப்பியின் எண் செய்முறையைக் குறிக்கிறது, பலனை அல்ல. பலனைப் பற்றி 2015இல் ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சி மன்றம் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, எந்த நோய்க்கும் நம்பத்தகுந்த சான்று இல்லை என்றே முடிவு சொன்னது. இளவயது மாதவிடாய் வலி காலப்போக்கில் தானே தணியலாம். கருப்பைக் கட்டி மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் சுருங்கும். அந்த நேரத்தில் கையில் இருந்த குப்பிக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது.

இன்னொரு ஆபத்து இருக்கிறது, அதை யாரும் இங்கே எழுப்பவில்லை. எண் குறைந்தால் வீரியம் குறைவு என்று நம்புபவர், எண்ணே இல்லாத தாய்த்திரவத்தை (ஐதாக்கத் தொடங்குமுன் உள்ள மூலச்சாற்றை) மிகச் சாதுவானது என்று நினைப்பார். உள்ளதிலேயே பொருள் நிறைந்தது அதுதான். மாதவிடாய்க் கோளாறுகளுக்குக் கொடுக்கப்படும் சபைனா என்ற மருந்து எடுக்கப்படும் செடி நஞ்சுள்ளது, கருவைக் கலைக்கக் கூடியது. மாதம் தள்ளிப்போன ஒரு பெண் அதைக் குடிப்பதை நினைத்துப் பாருங்கள். ‘ஐதாக்கப் படியெண்’ என்றால் எண் இல்லாதது ஐதாக்கப்படாதது என்று சொல்லிலிருந்தே விளங்கும்.

கையேட்டில் இப்படி எழுத உத்தேசம்:

“குப்பியில் உள்ள எண் ஐதாக்கப் படியெண். அது கூடினால் மருந்துப் பொருள் குறைகிறது. மணிக்கு ஒரு துணி நனையும் அளவுக்கு இரத்தம் தொடர்ந்து போனாலோ, மாதவிடாய் முற்றாக நின்றபின் மறுபடி இரத்தம் பட்டாலோ, மாதம் தள்ளிப்போய் அடிவயிற்றில் கடும் வலி வந்தாலோ, அடுத்த படியெண்ணுக்குக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.”

35 வயதிலிருந்து, பெண்களுக்கு நலப் பரிசோதனை செய்யும் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போகலாம் என்பதையும், அதற்குக் குடும்பநல உத்தியோகத்தரைக் கேட்கலாம் என்பதையும் கீழே சேர்ப்போம்.

‘ஐதாக்கப் படியெண்’ என்று பிரித்தே அச்சிடலாமா, சேர்த்து ‘ஐதாக்கப்படியெண்’ என்றா? சேர்த்தால் ‘ஐதாக்கப்படி’ என்று செயப்பாட்டுவினை போல வாசிக்கப்படுமோ என்று தயங்குகிறேன். இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.